மகிசாட்சி: பாலை நிலம் தந்த மருந்துப் பிசின்

நுழையும்முன்

நாட்டு மருந்துக் கடையில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும் ஒரு பிசினுக்குப் பின்னால் ஒரு செடியின் வாழ்வு இருக்கிறது. அச்செடி மருந்தாகிப் பிறர் நோய் தீர்த்தது. மருந்தானதாலேயே தான் அழியும் நிலைக்கும் வந்தது. அதன் இயல்பையும் பயனையும் பயிரிடும் முறையையும் அறிவது, இயற்கையிடம் பெறுவதற்கும் இயற்கைக்குத் திருப்பித் தருவதற்கும் உள்ள கணக்கை அறிவதாகும்.

நறும்புகையும் கரும்புகையும்

வட சென்னைக்கு இருவகைப் புகை உண்டு. எண்ணூரின் ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து எழுந்து வானில் படரும் கரும்புகை ஒன்று. மற்றொன்று, நாள்தோறும் வழிபாட்டு இடங்களிலும் வீடுகளிலும் கமழும் நறும்புகை. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் தூபம் எழுகிறது. இராயப்பர் என்னும் பெயரோடு இணைந்த இராயபுரத்தில், புனித இராயப்பர் ஆலயத்தில் வழிபாட்டின்போது தூபக்கலசம் அசைகிறது. அதே இராயபுரத்தில் 1910ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட பார்சி மக்களின் தீக்கோயிலில் அணையா நெருப்புக்கு நறுமணப் பொருள்கள் இடப்படுகின்றன. தர்காக்களில் சாம்பிராணி மணக்கிறது. அந்தி நேரத்தில் மீனவர் வீட்டு வாயிலிலும் தூபக்கால் புகைகிறது. சமயங்கள் வேறாயினும் புகைக்கப்படுவது பெரும்பாலும் மரஞ்செடிகளின் பிசினே.

மணத்தை வழிபாட்டோடு இணைப்பது தமிழர்க்குப் பழைய வழக்கம். பெரியபுராணம் போற்றும் அறுபத்து மூவருள் ஒருவர் குங்கிலியக் கலய நாயனார். திருக்கடவூரைச் சேர்ந்த அவர், வறுமை வந்தபோது மனைவியின் தாலியை விற்று வரக் கொடுத்ததைக் கொண்டு அரிசி வாங்காமல், குங்கிலியம் வாங்கினார் என்பது சேக்கிழார் சொல்லும் வரலாறு. திருவொற்றியூர்க்கோ கலிய நாயனார் உண்டு. அவர் விளக்கெரிக்க எண்ணெய் இல்லாதபோது தம் உயிரையே தர முனைந்தார். ஒருவர் புகைக்கும் மற்றொருவர் ஒளிக்கும் தம்மை ஈந்தனர். அத்துணை மதிப்புடைய பொருளாகப் பிசின் கருதப்பட்டது.

ஒரு பெயர், பல பிசின்கள்

குங்கிலியம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரே பொருள் என்று எண்ணிவிடலாகாது. பல்வேறு மரங்களின் பிசின்கள் இப்பெயரையும் இதையொத்த பெயர்களையும் தாங்கி நிற்கின்றன. சால மரத்தின் பிசின் குங்கிலியம். சித்த மருத்துவத்தில் தீப்புண்ணுக்குப் பூசும் குங்கிலிய வெண்ணெய் இதனைக்கொண்டு செய்யப்படுவது. மரப்படகுகளின் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி, நீர் புகாமல் காத்தமையும் கடற்கரை ஊர்களின் பழந்தொழில் நுட்பமாகும். கடல்கடந்து சுமத்திரா முதலிய தீவுகளிலிருந்து வந்தது சாம்பிராணி. அது வேறொரு மரத்தின் பால் இறுகியது. இந்தியக் காடுகளின் குந்துருக்க மரம் தருவது பறங்கிச் சாம்பிராணி. அரபு நாட்டிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் விளையும் வெள்ளைப்போளம் விவிலியத்தில் பேசப்படும் காணிக்கைப் பொருள்களுள் ஒன்று.

இவற்றுள் நாம் காணவிருப்பது மகிசாட்சி. எருமையின் கண்போலக் கருமை கலந்து பளபளப்பதால் இப்பெயர் பெற்றது. 'மகிசம்' என்பது எருமை. 'அட்சம்' என்பது கண். வடமொழியில் இது குக்குலு எனப்படும். வெள்ளைப்போளம் தரும் செடியும் மகிசாட்சி தரும் செடியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நம் ஊர் வேலிகளில் நிற்கும் கிளுவையும் அவ்வினமே. ஆகவே மகிசாட்சி நமக்கு அயலான செடி அன்று. தொலைவில் வாழும் உறவு.

சென்னையும் செடியின் பெயரும்

தாவரவியலில் இச்செடியின் பெயர் காமிஃபோரா வைட்டியை. 'காமி' என்னும் கிரேக்கச் சொல் பிசினையும், 'ஃபோரா' தாங்குவதையும் குறிக்கும். பிசின் தாங்கி என்பதே பெயரின் முற்பகுதிக்குப் பொருள். பிற்பகுதி ஒரு மனிதரின் பெயர். அம்மனிதர் சென்னையோடு தொடர்புடையவர்.

இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1819ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்காகச் சென்னை வந்தார். அன்று சென்னையில் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, பயணிகள் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து கரை சேர்ந்தனர். மருத்துவராக வந்த வைட் தென்னிந்தியச் செடிகொடிகளின்மீது ஈடுபாடு கொண்டார். தாம் கண்டவற்றைத் தொகுத்தார், வரையச் செய்தார். அவருக்காகச் செடிகளை உயிரோட்டத்துடன் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்த வைட்டின் நூலில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட செடிகளின் படங்கள் இடம்பெற்றன.

வைட்டின் நண்பரும் உடன் உழைத்தவருமான வாக்கர் ஆர்னட், 1839இல் மகிசாட்சிச் செடியை அறிவியல் முறையில் விளக்கி, நண்பரின் பெயரை அதற்கு இட்டார். 1960களில் இந்தியத் தாவரவியலார் எம்.எம். பண்டாரி அதனைக் காமிஃபோரா பேரினத்தில் சேர்த்து இன்றைய பெயரை அமைத்தார். பாலையில் நிற்கும் செடி ஒன்று சென்னையில் பணியாற்றிய மருத்துவரின் பெயரைச் சுமந்து நிற்பது இவ்வாறுதான்.

செடியின் இயல்பு

குஜராத்தின் கச்சுப் பகுதியிலும், இராஜஸ்தானின் வறண்ட நிலங்களிலும், பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான் பகுதிகளிலும் மகிசாட்சி இயற்கையாக வளர்கிறது. இரண்டு மூன்று மீட்டர் உயரத்திற்குமேல் பெரும்பாலும் வளர்வதில்லை. கிளைகள் கோணலாக முறுக்கிக்கொண்டு முள் முனையில் முடியும். சாம்பல் நிறப் பட்டை மெல்லிய தாள்போல உரிந்துவரும். மழைக்காலத்தில் சிறு இலைகள் மூன்று மூன்றாகத் தளிர்க்கும். மழை நின்றால் இலைகளை உதிர்த்துவிடும். ஆண்டின் பெரும்பகுதியை இலையின்றி, பட்டுப்போன குச்சிபோல நின்றே கழிக்கும். நீரை வீணாக்காமல் காக்கும் பாலைத் தாவரத்தின் அறிவு அது.

கச்சில் ஆண்டு மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். சென்னையிலோ 1400 மில்லிமீட்டர் அளவு. மணலும் கல்லும் கலந்து நீர் விரைந்து வடியும் நிலமே இச்செடிக்கு ஏற்றது. நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே வடகிழக்குப் பருவமழையில் நனையும் எண்ணூர்க் கழிமுகத்தில் இதனைப் பயிரிட்டுப் பெருவிளைவு காண எண்ணுவது பொருந்தாது. எந்தச் செடிக்கும் உரிய திணை ஒன்று உண்டு. அதனை அறிந்து பயிரிடுவதே வேளாண் அறிவு.

இச்செடியின் இனப்பெருக்கத்திலும் வியப்பு உண்டு. ஆண் செடிகள் மிக அரிதாகவே காணப்படுகின்றன. மகரந்தம் சேராமலும் கருவுறாமலும் பெண் செடிகள் விதை உண்டாக்குகின்றன என்பதைத் தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்டனர். இவ்வாறு தோன்றும் செடிகள் தாய்ச்செடியின் படிவங்களே ஆகும். புதிய பண்புகள் கலப்பது குறைவதால், ஒரு நோய் வந்தால் அனைத்தும் ஒருசேரத் தாக்குண்ணும் அபாயம் உள்ளது.

பிசின் பிறக்கும் முறை

பிசின் செடியின் காயத்தோடு தொடர்புடையது. பட்டையின் உட்பகுதியில் மெல்லிய பிசின் குழாய்கள் ஓடுகின்றன. பட்டை கீறப்பட்டால் அக்குழாய்களிலிருந்து மஞ்சள் நிறப் பால் கசிந்து, காற்றுப் பட்டு இறுகிப் பழுப்பு நிறமாகிறது. காயத்தை மூடி, பூச்சியும் பூஞ்சையும் நுழையாமல் தடுப்பதற்குச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு இது. செடி தன் புண்ணுக்கு இட்டுக்கொண்ட மருந்தையே மனிதன் தன் நோய்க்கு எடுத்துக்கொள்கிறான்.

இப்பிசினில் மூன்று பகுதிகள் கலந்துள்ளன. நீரில் கரையும் கோந்து ஒன்று. சாராயத்தில் கரையும் குங்கிலியப் பகுதி மற்றொன்று. மணம் தரும் எளிதில் ஆவியாகும் எண்ணெய் மூன்றாவது. வேலம்பிசின் நீரில் கரைந்துவிடுவதும், மகிசாட்சியை நீரில் இட்டால் பால்போலக் கலங்குவதும் இக்கலப்பின் வேறுபாட்டால்தான்.

மருந்தும் ஆராய்ச்சியும்

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் மகிசாட்சிக்குச் சிறப்பிடம் உண்டு. மூட்டுவலி, வீக்கம், உடற்பருமன் முதலியவற்றுக்கான மருந்துகளில் இது சேர்கிறது. யோகராஜ குக்குலு, திரிபலா குக்குலு முதலிய மருந்துகளின் பெயரிலேயே இது இடம்பெற்றுள்ளது. கடையில் வாங்கும் பிசினை அப்படியே உண்ணும் வழக்கம் மருத்துவத்தில் இல்லை. துணியில் முடிந்து, பாலிலோ திரிபலைக் கஷாயத்திலோ வேகவைத்துத் தூய்மை செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பர். இதனைச் 'சுத்தி செய்தல்' என்பர்.

பழைய நூல்களில் கூறப்பட்டதை இக்கால ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜி.வி. சத்தியவதி. உடலில் கொழுப்பு மிகுவதால் வரும் நோய்பற்றிச் சுசுருத சங்கிதை கூறியதை அடிப்படையாகக் கொண்டு, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களிடம் ஆய்வு செய்தார். குக்குலு கொடுக்கப்பட்ட முயல்களின் இரத்தக் கொழுப்பு குறைந்ததை 1966இல் தம் ஆய்வேட்டில் வெளிப்படுத்தினார். பின்னாளில் அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார். அவருடைய ஆய்வைத் தொடர்ந்து, பிசினின் செயல்திறனுக்குக் காரணமான குக்குல்ஸ்டீரோன் என்னும் வேதிப்பொருள்கள் கண்டறியப்பட்டன. இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இப்பிசினிலிருந்து குக்குலிப்பிட் என்னும் மருந்தை உருவாக்கியது. 1980களின் பிற்பகுதியில் அது விற்பனைக்கு வந்தது.

ஆயினும் அறிவியல் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கொழுப்பு மிகுந்த 103 பேரிடம் எட்டு வாரங்கள் இம்மருந்து சோதிக்கப்பட்டது. தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைவதற்கு மாறாக, மருந்துண்டவர்களிடம் சற்றே உயர்ந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் தோன்றியது. முந்தைய இந்திய ஆய்வுகளின் முடிவோடு இது மாறுபட்டது. உணவுப் பழக்கம், உடலமைப்பு, மருந்தின் தரம் ஆகியவற்றின் வேறுபாடு காரணமாகலாம் என்று அறிஞர் விவாதித்தனர். பழமையானது என்பதற்காக ஏற்பதும், மேலைநாட்டு ஆய்வு என்பதற்காகப் பணிவதும் அறிவு ஆகா. மெய்ப்பொருள் காணச் சோதனைகள் மேலும் வேண்டும். அதுவரை மருத்துவரின் அறிவுரையின்றி இதனை உண்ணாதிருத்தலே நலம்.

அழிவின் விளிம்பில்

மருந்தின் புகழ் ஓங்க ஓங்கச் செடியின் வாழ்வு தேய்ந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இச்செடியை 'மிகவும் அருகிவரும் இனம்' என்னும் பட்டியலில் சேர்த்துள்ளது. காட்டில் முற்றும் அழிவதற்கு முந்தைய நிலை அது.

இதற்குக் காரணம் பிசின் எடுப்பது அன்று, எடுக்கும் முறையே. பட்டையின் தடிப்பளவுக்கு மட்டும் கீறினால் காயம் ஆறிவிடும். மிகுதியாகப் பெற விரும்புவோர் மரக்கட்டைவரை ஆழமாக வெட்டி, விலங்கின் சிறுநீரில் குழைத்த பிசினையும் பிற பொருள்களையும் காயத்தில் பூசுகின்றனர். பிசின் பெருகி வழிகிறது; செடி அடுத்த ஆண்டைக் காண்பதில்லை.

இவ்வாறு வெட்டுவோரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஏழைகள். செடி நிற்கும் நிலம் அவர்களுடையது அன்று. இன்று தாம் அளவோடு கீறி விட்டுச் சென்றால், நாளை வேறொருவர் வந்து ஆழமாக வெட்டிக்கொள்வார் என்பதை அவர்கள் அறிவர். யாருக்கும் உரிமையில்லாத செடியைக் காப்பதில் யாருக்கும் ஊதியம் இல்லை. பிசினை வாங்கும் வணிகரோ, அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. சென்னைப் பூங்கா நகரில் நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த இராசப்ப செட்டித் தெருவில் பொட்டலம் வாங்கும் நாமும் கேட்பதில்லை. கேட்காத ஒவ்வொருவர் கையிலும் அவ்வெட்டின் பங்கு உண்டு.

உள்நாட்டு விளைவு குறைந்தமையால் பிசின் இறக்குமதி செய்யப்படுகிறது. தட்டுப்பாடு கலப்படத்துக்கும் வழிவகுக்கிறது. மலிவான வேறு பிசின்கள் மகிசாட்சி என்ற பெயரில் விற்கப்படுகின்றன. செடி அழிந்தால் செடிக்கு மட்டும் இழப்பன்று. மருந்தை நம்பி உண்பவருக்கும் இழப்பே.

பயிரிடும் முறை

காட்டிலிருந்து எடுப்பதை நிறுத்தி நிலத்தில் பயிரிடுவதே நிலையான வழி. இராஜஸ்தானில் அஜ்மீர் அருகே மங்களியாவாசில் இச்செடிக்கென அரசின் மூலிகைப் பண்ணை அமைக்கப்பட்டது. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனமும் ஆய்வுகள் நடத்தியது. அத்தகைய முயற்சிகளின் வழியே பயிரிடும் முறை ஒழுங்குபட்டது.

விதைகளின் முளைப்புத்திறன் மிகக் குறைவு. ஆதலால் போத்து நட்டு வளர்ப்பதே வழக்கம். முற்றியும் முற்றாமலும் உள்ள கிளைகளிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. நீளப் போத்துகளை வெட்டி, கோடையின் இறுதியில் மணற்பாத்தியிலோ நாற்றுப் பையிலோ நட வேண்டும். வேர்விடத் தூண்டும் ஊக்கியில் அடிமுனையை நனைத்து நடுதல் நன்று. நீர் அளவோடு தெளிக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் போத்து அழுகும். இரண்டு வாரங்களில் துளிர் தோன்றும்.

வேர்பிடித்த கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில் வயலுக்கு மாற்றலாம். அரை மீட்டர் அளவுள்ள குழி எடுத்து, தொழுவுரமும் மண்ணும் கலந்து நிரப்பி, செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு நட வேண்டும். இவ்வகையில் ஒரு ஹெக்டேருக்கு 2500 செடிகள் அமையும். முதல் ஆண்டுகளில் கோடையில் சிறிது நீரும், கரையானிடமிருந்து பாதுகாப்பும் வேண்டும். பின்னர்ச் செடி தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

ஆறு முதல் எட்டு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே பிசின் எடுக்கலாம். குளிர்காலம் தொடங்கிக் கோடை வருமுன் வரை உள்ள மாதங்கள் அதற்கு ஏற்றவை. கூரிய கத்தியால் பட்டையை மட்டும் மேலாகக் கீறுவர். கசிந்து இறுகிய பிசினைச் சில நாள் இடைவெளியில் மண்படாமல் சேகரிப்பர். ஒரு செடியிலிருந்து சில நூறு கிராமுக்குமேல் எதிர்பார்த்தல் ஆகாது. கீறிய செடிக்கு ஓய்வு கொடுத்தால் அது பல ஆண்டுகள் பயன் தரும்.

இத்தனை ஆண்டுகள் காத்திருக்க ஏழை உழவரால் இயலுமா? இதுவே பயிரிடுதலின் பெருந்தடை. வயலின் வரப்பில் வேலியாக நடுதல், இடையில் சிறுதானியமோ தீவனப்புல்லோ விளைத்தல், மருந்து நிறுவனங்கள் முன்கூட்டியே விலை உறுதி அளித்தல் ஆகியன இத்தடையைக் கடக்கும் வழிகள். ஒரே தாய்ச்செடியின் போத்துகளையே எங்கும் நடாமல், வெவ்வேறு பகுதிகளின் செடிகளைக் கலந்து நடுவதும் இனத்தின் வலிமைக்கு இன்றியமையாதது.

நம் மண்ணின் உறவு

வேலியாக நடும் அறிவைத் தமிழ்நாட்டு உழவர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பகுதிகளில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. அவற்றைச் சுற்றி நிற்பது முள்கிளுவை வேலி. மகிசாட்சியின் உடன்பிறப்பான இச்செடியைப் போத்தாக நட்டே வளர்த்தனர். உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் வளர, காங்கேயம் மாடுகள் மேய்ந்தன. கம்பியும் கல்லும் வாங்காமல் உயிருள்ள செடியால் நிலத்தைக் காத்த முறை அது. ஆடுகளுக்குத் தழை, மண்ணுக்கு நிழல், பறவைக்குக் கூடு என வேலியே ஒரு சிறுகாடாக நின்றது. அவ்வேலிகளும் இன்று கம்பிவேலிக்கு இடம்விட்டுக் குறைந்து வருகின்றன.

மகிசாட்சியைக் கச்சில் காப்பதும் கிளுவையைக் கொங்கு நாட்டில் காப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள். கரும்புகையின் நடுவே வாழும் வட சென்னை மாணவருக்கு, எடுப்பதன் விலையை யார் தருகிறார் என்னும் கேள்வி புதிதன்று. ஆலையின் பயன் ஊரெங்கும் செல்ல, அதன் புகை மட்டும் ஓரிடத்தில் தங்குவதை அவர் கண்ணால் காண்கிறார். பிசினின் கதையும் அத்தகையதே. மருந்து நகரங்களுக்கு வருகிறது. காயம் பாலையில் தங்குகிறது. மருந்து வேண்டுமெனில் செடி வாழ வேண்டும். செடி வாழ வேண்டுமெனில் அதனை நடுபவரும் வாழ வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கோந்து, குங்கிலியம் இரண்டையும் பேச்சு வழக்கில் பிசின் என்றே கூறுகிறோம். நீரில் கரைவது கோந்து, வேலம்பிசின் இவ்வகை. நீரில் கரையாமல் எண்ணெயிலோ சாராயத்திலோ கரைவது குங்கிலிய வகை. மகிசாட்சி, வெள்ளைப்போளம் ஆகியவற்றில் இவ்விரண்டும் மண எண்ணெயும் சேர்ந்துள்ளன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பிசின் வகைகளைக் கேட்டறிந்து, அவற்றைத் தரும் மரஞ்செடிகளின் பெயர்களோடு அட்டவணைப்படுத்துக.
2. 'யாருக்கும் உரிமையில்லாத செடியைக் காப்பதில் யாருக்கும் ஊதியம் இல்லை' என்னும் கருத்தை மையமாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. பள்ளி வளாகத்தில் கிளுவைப் போத்து ஒன்றை நட்டு, அது துளிர்க்கும் வரையிலான மாற்றங்களை நாட்குறிப்பாக எழுதுக.